ஊடகத் தொல்லியலும் பனூ மூஸாவின் குழலும்: ஒரு விமர்சன நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே பாதையில் நடப்பதை நாம் காண்கிறோம். 1804இல் பிரான்சில் ஜக்கார்ட் அமைத்த துளையட்டைத் தறி, 1830களில் இங்கிலாந்தில் சார்ள்ஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம், 1936இல் அலன் டூரிங் வெளியிட்ட கட்டுரை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து மின்னணுக் கணிப்பொறிகள் என அப்பாதை நேராகச் செல்கிறது. அதில் முஸ்லிம் உலகுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்: 'அல்கோரிதம்' எனும் சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பது அவ்வரி. அதற்கப்பால் பக்தாதோ, தியார்பக்கிரோ, பிஜாயாவோ பேசப்படுவதில்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. 'ஊடகத் தொல்லியல்' எனும் ஆய்வுத்துறை, டிஜிட்டல் ஊடகங்களின் வரலாற்றைப் பழைய கருவிகள் வழியாக வாசிக்க முற்பட்டது. அத்துறை சார்ந்த அறிஞர் சிலர் அப்பாஸிய பக்தாதின் நூல்களை மீண்டும் திறந்தனர். அங்கு அவர்கள் கண்டவை வியப்பூட்டுவன. ஆயினும் அவற்றை நாம் எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா. 'இதையும் நாமே முதலில் கண்டோம்' எனும் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துவிட்டு அமைதியடைவதா, அல்லது அக்கருவிகள் இன்றைய ஊடகங்களைப் பற்றி நம்மிடம் கேட்கும் கேள்விகளைச் செவிமடுப்பதா?

ஊடகத் தொல்லியல் எனும் துறை

இத்துறைக்கு ஒரே நிறுவனர் இல்லை. மிஷல் ஃபூக்கோ 1969இல் வெளியிட்ட 'அறிவின் தொல்லியல்' எனும் நூல் அதற்குப் பெயரையும் மனப்பாங்கையும் தந்தது. ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ரிக் கிட்லர் 1986இல் கிராமபோன், திரைப்படம், தட்டச்சுப்பொறி ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து, ஒரு காலத்து மனிதன் எதைச் சிந்திக்கிறான் என்பதை அக்காலத்துப் பதிவுக்கருவிகள் பெரிதும் நிர்ணயிக்கின்றன என வாதிட்டார். ஸீக்ஃபிரீட் ஸீலின்ஸ்கி 2002இல் 'ஆழ்காலம்' எனும் நிலவியற் கருத்தை ஊடக வரலாற்றுக்குக் கொண்டுவந்தார். எர்க்கி ஹூத்தமோவும் யூஸி பரிக்காவும் 2011இல் தொகுத்த கட்டுரை நூல் இத்துறையைப் பல்கலைக்கழகங்களில் நிலைபெறச் செய்தது. பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் வுல்ஃப்காங் ஏர்ன்ஸ்ட் பழைய கருவிகளின் ஒரு சேகரத்தையே உருவாக்கினார். கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும் கருவி ஊடகமன்று, இயங்கும்போதே அது ஊடகமாகிறது என்பது அவரது நிலைப்பாடு.

இவர்களிடையே வேறுபாடுகள் பல. எனினும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றனர். ஊடக வரலாறு குறையிலிருந்து நிறைவை நோக்கி ஏறும் படிக்கட்டு அன்று. கைவிடப்பட்ட முயற்சிகள், தோற்றுப்போன கருவிகள், மறக்கப்பட்ட நூல்கள் யாவும் அதன் பகுதிகளே. புதியதற்குள் பழையதைத் தேடுவதைவிடப் பழையதற்குள் நாம் எதிர்பாராத புதுமையைக் காண்பதே மேல் என்பது ஸீலின்ஸ்கியின் அறிவுரை. இவ்வறிவுரையை அவரும் அவரைத் தொடர்ந்தோரும் இஸ்லாமிய உலகைப் பற்றி எழுதும்போது எந்த அளவுக்குப் பின்பற்றினர் என்பதைச் சற்று நோக்குவோம்.

தானே இசைக்கும் கருவி

மூஸா இப்னு ஷாக்கிரின் புதல்வர்களான முஹம்மத், அஹ்மத், அல்-ஹஸன் ஆகிய மூவரும் 'பனூ மூஸா' என அறியப்படுகின்றனர். கலீஃபா அல்-மஃமூனின் ஆதரவில் வளர்ந்த இவர்கள், கணிதத்திலும் வானியலிலும் பொறியியலிலும் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதின் தலைசிறந்த அறிஞர்களாகத் திகழ்ந்தனர். ஏறத்தாழ கி.பி. 850ஐ ஒட்டி எழுந்த அவர்களது 'கிதாபுல் ஹியல்' ஏறக்குறைய நூறு பொறிகளை விவரிக்கிறது. டொனால்ட் ஹில் அதனை 1979இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 'தானே இசைக்கும் கருவி' பற்றிய அவர்களது உரையோ இதனின் வேறானது. பெய்ரூத்தில் இருந்த ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டு பாதிரியார் லூயி ஷெய்கோ அதனை 1906இல் 'அல்-மஷ்ரிக்' இதழில் பதிப்பித்தார். அரபு இசை வரலாற்றறிஞர் ஹென்றி ஜோர்ஜ் ஃபார்மர் 1931இல் அதன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியை இவ்வுரை மிக மெல்லிய இழையொன்றைப் பற்றியே கடந்து வந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

கருவியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறின் பின்வருமாறு அமையும். நீர் மாறிமாறி நிரம்பும் கலங்கள் காற்றை இடையறாது அழுத்திக் குழலுக்குள் செலுத்துகின்றன. குழலின் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி; ஒவ்வொரு மூடிக்கும் ஒரு நெம்புகோல். நீர்ச்சக்கரத்தின் விசையால் சுழலும் உருளையொன்றில் சிறு முளைகள் பொருத்தப்பட்டுள்ளன. உருளை சுழல, முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, துளைகள் உரிய நேரத்தில் திறந்து மூடி இசை பிறக்கிறது. தாம் விரும்பும் மெட்டை, மெதுவாகவோ விரைவாகவோ, ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியும் இக்கருவி இசைக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என உரையின் தொடக்கத்திலேயே சகோதரர்கள் தெளிவுபடுத்துகின்றனர்.

டச்சுக் கணித வரலாற்றறிஞர் டியூன் கூட்சியர் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், நிரலாக்கத்தக்க பொறிகளின் முன்வரலாறு இக்கருவியோடு தொடங்குகிறது எனக் கருதினார். அவரது வாதத்தின் வலிமை அக்கருவியின் சிக்கலில் இல்லை. பொறி வேறு, அது ஆற்றவேண்டிய செயலின் ஒழுங்கு வேறு எனும் பிரிவு அதில் இருப்பதே வாதத்தின் அடிப்படை. உருளையின் முளை அமைப்பை மாற்றினால் அதே பொறி வேறு மெட்டை இசைக்கும். இன்று நாம் வன்பொருள், மென்பொருள் எனப் பிரித்துப் பேசுவது இந்த வேறுபாட்டையே. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, மாற்றத்தக்க தன்மை நமது கண் பின்னோக்கிக் கண்டுபிடித்த ஒன்றன்று; மூல உரையே அதனை நோக்கமாக அறிவிக்கிறது.

ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1206இல், அல்-ஜஸரீ நிறைவு செய்த நூலில் இடம்பெறும் இசைவாணர் படகுடன் இதனை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு துலங்கும். அரச விருந்தில் நீர்த்தடாகத்தில் மிதக்கவிடப்படும் அப்படகில் பொம்மை இசைவாணர்கள் குழலும் மத்தளமும் இசைப்பர். அங்கும் சுழலும் அச்சில் முளைகள் உள. அவற்றை இடம் மாற்றினால் தாளமும் மாறும். ஆகவே இதுவும் நிரலாக்கத்தக்க இயந்திர மனிதன் எனப் பிரித்தானியக் கணினி அறிஞர் நோயல் ஷார்க்கி எடுத்துக்காட்டினார். இது சுவையான அனுமானமே. ஆனால் அனுமானமும் மூல உரையின் சாட்சியும் ஒரே தரத்தவை அல்ல. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரின் தரங்களைப் பிரித்தறியப் பழகிய ஒரு சமூகத்துக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

விரலின் பதிவும் ஒலியின் பதிவும்

பனூ மூஸாவின் உரையில் நமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது இன்னொரு பகுதி. முளைகளை எந்த இடத்தில் பொருத்துவது என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு அவர்கள் ஒரு வழி கூறுகின்றனர். தேர்ந்த குழல்வாணர் ஒருவரை வாசிக்கச் செய்து, அவரது விரல்கள் துளைகளைத் திறந்து மூடும் அசைவை, கறுத்த மெழுகு பூசிய சுழலும் உருளையின் மீது தடங்களாக விழச் செய்ய வேண்டும். பின்னர் அத்தடங்களுக்கேற்ப முளைகளைப் பொருத்தினால், அந்தக் கலைஞர் வாசித்தவாறே கருவியும் இசைக்கும்.

மெழுகு உருளை என்றதும் நமக்கு எடிசனின் நினைவு எழுகிறது. 'எடிசனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம்கள் ஒலிப்பதிவைக் கண்டுபிடித்தனர்' எனும் வாக்கியம் நாவின் நுனிக்கு வந்துவிடுகிறது. அவ்வாக்கியம் பிழையானது. பனூ மூஸா பதிவு செய்தது ஒலியை அல்ல, விரலின் செயலை. இந்த வேறுபாட்டை விளங்க ஐரோப்பாவின் இரு கருவிகளை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

1857இல் பாரிஸில் எதுவார்-லியோன் ஸ்கொட் டி மார்ட்டின்வீல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒலியின் அதிர்வைப் புகைக்கரி படிந்த தாளின் மீது அலைகோடாக வரைந்தது. கேட்பதற்காக அன்று, கண்ணால் பார்த்து ஆராய்வதற்காகவே அவர் அதனை அமைத்தார். அதனை மீண்டும் ஒலிக்கச் செய்யும் எண்ணம் அக்கருவியில் இல்லை. 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து அதனை மீண்டும் கேட்கவும் வழி செய்தார். ஆக, ஸ்கொட் பதிந்தது கேட்க இயலாத ஒலி. எடிசன் பதிந்தது கேட்கத்தக்க ஒலி. பனூ மூஸாவின் உருளையிலோ ஒலியே இல்லை. எந்தத் துளை எப்போது திறந்தது, எப்போது மூடியது எனும் கணக்கு மட்டுமே அதில் உள்ளது. ஆயினும் அதிலிருந்து இசை மீண்டும் பிறக்கிறது.

திறப்பு அல்லது மூடல் எனும் இரு நிலைகளின் கணக்கு என்பது டிஜிட்டல் முறைக்கு எவ்வளவு அண்மையானது என்பதை விளக்கவேண்டியதில்லை. 1983இல் மின்னணு இசைக்கருவிகளுக்கென வகுக்கப்பட்ட 'மிடி' எனும் பொதுமுறையும் இசையொலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்பதையே பதிகிறது. 'டிஜிட்டல்' எனும் சொல்லின் வேரான இலத்தீன் சொல்லுக்கு விரல் என்பதே பொருள். விரல்விட்டு எண்ணியதால் விரல் எண்ணாயிற்று. முஸ்லிம் உலகிலும் இந்திய இலக்கங்களோடு விரல்கணக்கு முறையும் நெடுங்காலம் செழித்திருந்தது. பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானீ அரச எழுத்தர்களுக்காக எழுதிய கணித நூல் அம்மரபைச் சார்ந்ததே. தஸ்பீஹை விரல்களில் எண்ணும் நமக்கும் அது அந்நியமன்று.

இதனால் பனூ மூஸா 'மிடி' முறையைக் கண்டுபிடித்தனர் எனக் கூறலாமா? கூறலாகாது. இரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. இக்கருவி நமக்குத் தருவது முன்னுரிமைச் சான்றிதழ் அன்று. ஒரு வேறுபாட்டைக் காணும் கண். பதிவு என்பது ஒன்றல்ல, இரண்டு. விளைவான ஒலியின் தடத்தைப் பேணுவது ஒன்று. அதனை விளைவித்த செயலின் ஒழுங்கைப் பேணுவது மற்றொன்று. எடிசனிலிருந்து கதையைத் தொடங்குவோருக்கு முதலாவது மட்டுமே பதிவாகத் தெரியும். பக்தாதிலிருந்து நோக்கும்போதே இரண்டாவதும் தெரிகிறது.

நமது மரபில் இவ்வேறுபாட்டுக்குப் பெரும் பொருளுண்டு. இசைப்பொறியைத் திருமறை ஓதலோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. எனினும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்று உளது. 1961இல் எகிப்தில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீயின் முழுக் குர்ஆன் ஓதல் இசைத்தட்டுகளில் வெளிவந்தது. லபீப் அஸ்-ஸயீதின் முயற்சியால் நிகழ்ந்த அப்பதிவு கோடிக்கணக்கான இல்லங்களைச் சென்றடைந்தது. ஆயினும் அதனைக் கேட்டு ஓதப் பழகியவருக்கு அதன்மூலம் இஜாஸா கிடைப்பதில்லை. ஏனெனில் தஜ்வீத் கலை பேணுவது ஒலியின் சாயலை மட்டுமன்று. எந்த எழுத்து வாயின் எந்த இடத்தில், எத்தகைய செயலால் பிறக்கிறது என்பதையே. அச்செயல் ஆசானின் முன் அமர்ந்து திருத்தப்பட்டே கைவரும். ஒலியின் பதிவு பெருகிய ஒரு காலத்தில் செயலின் பரம்பரை ஏன் இன்னும் தேவைப்படுகிறது எனும் வினாவுக்கு, விடையின் ஒரு பகுதி இங்குள்ளது.

மூதாதையரைத் தேடும் ஆபத்து

பழைய கருவிகளை வாசிப்பதில் இன்றைய செவியே தடையாக அமையலாம் என்பதற்கு ஸ்கொட்டின் தாளே சான்று. 1860 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் பதிந்த ஒரு தாளை, 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியின் துணையால் ஒலியாக்கினர். ஒரு பிரெஞ்சு நாட்டார் பாடலின் சில நொடிகள் கேட்டன. பாடுவது ஒரு பெண் அல்லது சிறுமி என முதலில் நம்பினர். மறு ஆண்டில், தாம் இருமடங்கு வேகத்தில் ஒலிக்கச் செய்ததை உணர்ந்தனர். வேகத்தைக் குறைத்தபோது கேட்டது ஓர் ஆணின் குரல். ஸ்கொட்டின் குரலாகவே இருக்கலாம். பழையதைத் தவறான வேகத்தில் ஓட்டினால் ஆளே மாறிவிடுகிறார்.

இவ்வளவுகோலைக் கொண்டு லோரா மார்க்ஸ் 2010இல் வெளியிட்ட 'மடிப்பும் முடிவிலியும்' எனும் நூலை நோக்கலாம். நவீன கணினிக் கலைக்கு ஓர் இஸ்லாமிய வம்சாவளி உண்டு என்பது அந்நூலின் கருத்து. கலைக்கூடங்களில் இஸ்லாமியக் கலையை வெறும் அலங்காரமாக நோக்கிய நெடுநாள் வழக்கத்தை அது துணிவுடன் மறுக்கிறது. உருவத்தைக் காட்டாது விதியைக் காட்டும் கலையாக வடிவியற் கோலங்களை வாசிக்கும் பகுதிகள் மிகச் சிறந்தவை. இதற்காக நாம் அவருக்கு நன்றியுடையோம்.

ஆயினும் கி.பி. 1000த்தின் பக்தாதைப் 'பிக்ஸல்' எனப்படும் திரைப்புள்ளியின் பிறப்பிடமாக அவர் காணும்போது நாம் தயங்குகிறோம். அஷ்அரீ கலாம் அறிஞரின் அணுக் கொள்கையையும், கி.பி. 940இல் காலமான இப்னு முக்லாவின் எழுத்தணி விதியையும் அவர் இதற்கு ஆதாரமாக்குகிறார். இப்னு முக்லாவின் மரபில் எழுதுகோலின் நுனி இடும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரம் அப்புள்ளிகளால் அளக்கப்படும். ஆனால் அலிஃப் அப்புள்ளிகளால் ஆனதன்று. அது கையின் ஒரே இழுப்பில் பிறக்கும் கோடு. திரைப்புள்ளியோ கட்டத்தில் முகவரி உடைய ஓர் உறுப்பு; அதனை நீக்கினால் படத்தில் ஓட்டை விழும். ஒன்று அளவை, மற்றது பொருள். அஷ்அரீகளின் அணுவும் இறைவன் ஒவ்வொரு கணமும் புதிதாகப் படைக்கிறான் எனும் கொள்கையின் பகுதி. அந்த இறையியலைக் கழற்றிவிட்டு அணுவை மட்டும் திரைக்குக் கொண்டுவந்தால், எஞ்சுவது வடிவ ஒற்றுமையே.

ஸீலின்ஸ்கியின் பணி இதனினும் கவனமானது. அவரும் எக்கார்ட் ஃபூர்லுஸும் 2010இல் தொகுத்த தொகுதி முழுவதும் அரபு-இஸ்லாமிய உலகின் கலை, அறிவியல், தொழினுட்ப உறவுகளுக்கே உரியது. 2015இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்றூ நகரில், கி.பி. 800 முதல் 1200 வரையான தானியங்கிக் கருவிகள் பற்றி ஒரு கண்காட்சியும் அவர் முயற்சியால் நிகழ்ந்தது. ஆனால் அதற்கு இட்ட தலைப்பு 'அல்லாஹ்வின் தானியங்கிகள்'. பிரான்சின் வோக்கான்ஸன் 1738இல் காட்சிக்கு வைத்த குழலூதும் பொம்மையைக் 'கிறிஸ்துவின் தானியங்கி' என எவரும் அழைப்பதில்லை. அரசவைக்கென எழுந்த பொறிகளை மதத்தின் பெயரால் அழைப்பது, முஸ்லிம்கள் செய்தன யாவும் இஸ்லாத்தின் வெளிப்பாடே எனும் பழைய கீழைத்தேயவாதத்தின் எச்சம். பனூ மூஸாவின் சூழலில் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இருந்தார். ஹர்ரானின் ஸாபிஈ ஆன ஸாபித் இப்னு குர்ராவை முஹம்மத் இப்னு மூஸாவே பக்தாதுக்கு அழைத்து வந்தார். ஃபிலோன், ஹீரோன் முதலிய கிரேக்கரின் பொறியியலும் அரபு மொழியில் பயிலப்பட்டது. அந்நாகரிகத்தின் பெருமை இந்த ஒன்றுகூடலிலேயே உள்ளது.

குறை மேற்கத்தேய அறிஞரிடம் மட்டும் இல்லை. 2006இல் பிரித்தானியாவில் தொடங்கி உலகெங்கும் சென்ற '1001 கண்டுபிடிப்புகள்' கண்காட்சி பல முஸ்லிம் இளைஞருக்குத் தன்னம்பிக்கை அளித்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'இன்றைய இன்னின்ன பொருளுக்கு இன்னார் முன்னோடி' எனும் வாய்பாட்டில் வரலாறு கரைந்துவிட்டது. ஸோன்யா பிரெண்ட்யெஸ் முதலியோர் 2016இல் தொகுத்த '1001 திரிபுகள்' எனும் நூல் இதனை விரிவாக விமர்சித்தது. 2018இல் வரலாற்றறிஞர் நீர் ஷஃபீர் இன்னும் கசப்பான உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தார். இஸ்தான்பூல் சந்தையில் சுற்றுலாப் பயணிகளுக்காக வரையப்பட்ட போலிச் சிற்றோவியங்கள், 'இஸ்லாமிய அறிவியலின்' சான்றுகளாக நூல்களின் அட்டைகளிலும் அரும்பொருட் சேகரங்களிலும் இடம்பிடித்திருந்தன. முன்னோடிகளைத் தேடும் வேட்கை, இல்லாத தொல்பொருளையும் உண்டாக்கிக்கொள்ளும்.

மீளாக்கங்களையும் இவ்வகையிலேயே நோக்க வேண்டும். பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் 1982இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நிறுவிய ஆய்வகமும், 2008இல் இஸ்தான்பூல் குல்ஹானே பூங்காவில் திறக்கப்பட்ட அரும்பொருளகமும், நூல்களில் மட்டுமே எஞ்சியிருந்த நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு உடல் கொடுத்தன. அது ஒரு வாழ்நாள் தவம். ஆயினும் பளபளக்கும் பித்தளை மாதிரி ஒன்பதாம் நூற்றாண்டின் தொல்பொருளன்று. ஓர் உரையின் விளக்கவுரை. விளக்கவுரைக்குரிய மதிப்பையும் ஐயத்தையும் அதற்கு அளிப்பதே முறை.

முன்னோர் தம் முன்னோரை நோக்கிய முறை

அங்ஙனமாயின் பழைய கருவியை எவ்வாறு அணுகுவது? இதற்கு நாம் புதிய கோட்பாட்டை நாடிச் செல்லவேண்டியதில்லை. அல்-ஜஸரீயின் நூலிலேயே வழி உளது. வடிவம் மாறும் நீரூற்றுகள் பற்றிக் கூறுமிடத்து அவர் பனூ மூஸாவைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்; அவர்களுக்காக இறையருளை வேண்டுகிறார்; பின்னர் அவர்களது முறையில் மாற்றங்களுக்கு இடையிலான கால அளவு போதாது எனக் காட்டி, தம் முறையை முன்வைக்கிறார். செயலில் சோதிக்கப்படாத தொழிற்கலை உண்மைக்கும் பொய்க்கும் இடையே தொங்குகிறது என்பது அவர் கொள்கை. மரியாதையும் விமர்சனமும் சோதனையும் அங்கு ஒருங்கே நிற்கின்றன. இயங்கும்போதே கருவி பேசும் எனும் ஏர்ன்ஸ்டின் கருத்து, எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கைவினைஞரின் அனுபவமாக இங்கு வெளிப்படுகிறது.

இரண்டாவது வழிகாட்டி இப்னு கல்தூன். 'ஸாயிர்ஜா' எனும் வட்ட அட்டவணையைப் பற்றி 'முகத்திமா'வில் அவர் விரிவாக எழுதியுள்ளார். மக்ரிபைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் அஸ்-ஸப்தீயின் பெயரால் வழங்கிய அதில், வினாவின் எழுத்துகளைப் பிரித்து, எண்களாக்கி, வட்டங்களின் வழியே விதிப்படி நகர்த்தினால் செய்யுள் வடிவில் ஒரு விடை கிடைக்கும். ஊடகத் தொல்லியலார் டேவிட் லிங்க், ஸீலின்ஸ்கியின் 2010ஆம் ஆண்டுத் தொகுதியில் இதனை எழுத்துகளைச் சுழற்றிச் சிந்திக்கும் பொறியாக நுணுகி ஆராய்ந்தார். இப்னு கல்தூன் தம் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்ட வினா நமது பொருளுக்கே உரியது: ஸாயிர்ஜா புதிய கலையா, பழைய கலையா? வந்த விடையோ அதனை இத்ரீஸ் (அலை) அவர்களோடு இணைத்தது. தன் தொன்மையைத் தானே பறைசாற்றும் பொறி!

இப்னு கல்தூனின் தீர்ப்பு வியக்கத்தக்க சமநிலை உடையது. இதனை வெறும் ஏமாற்று என ஒதுக்குவோரை அவர் ஏற்கவில்லை. விதிகள் உண்மையிலேயே இயங்குகின்றன என ஒப்புக்கொள்கிறார். மறைவான செய்தியை இது அறிவிக்கிறது என நம்புவோரையும் அவர் ஏற்கவில்லை. வினாவின் எழுத்துகளிலிருந்தே விடை திரட்டப்படுவதால், சொல்லளவில் இரண்டும் பொருந்துகின்றன. அப்பொருத்தம் வெளியுலகின் உண்மையோடு பொருந்துவதாகாது. மறைவின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதனையே. 2022இன் பிற்பகுதி முதல், வினாவுக்குச் சரளமாக விடை எழுதும் கணினிப் பொறிகள் நமது மாணவர் கைகளிலும், மார்க்கத் தீர்ப்பு நாடுவோர் கைகளிலும் புழங்குகின்றன. ஸாயிர்ஜா இவற்றின் மூதாதை அன்று; இரண்டின் இயங்குமுறையும் வேறு. ஆனால் இப்னு கல்தூன் அன்று பிரித்துக் காட்டிய இரு பொருத்தங்கள் இன்றும் நமக்குத் தேவை. வினாவோடு பொருந்தும் சொல் வேறு, உண்மையோடு பொருந்தும் சொல் வேறு. முதலாவதைக் கண்டு இரண்டாவதை நம்புவது பதினான்காம் நூற்றாண்டிலும் பிழை, இன்றும் பிழை. பொறியைப் பழிப்பதும் பொறியிடம் மயங்குவதும் ஆகிய இரண்டையும் தவிர்க்கும் மூன்றாவது நிலையொன்று நமது மரபில் இருந்தது. 'நாமே முதலில் கண்டோம்' எனும் பெருமிதத்தைவிட இச்சொத்து பெரிது.

நம் கைவசம் உள்ள தொல்பொருட்கள்

பக்தாதைப் பற்றிப் பேசும் நாம் நமது வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ளவற்றைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். கல்லச்சில் வெளிவந்த அரபுத் தமிழ் நூல்கள், நாகூர் ஈ.எம். ஹனிஃபாவின் இசைத்தட்டுகள், மார்க்கச் சொற்பொழிவுகளைச் சுமந்த ஒலிநாடாக்கள் யாவும் தமிழ் முஸ்லிம்களின் ஊடகத் தொல்பொருட்களே. அவற்றை ஒளிவருடியும் ஒலிமாற்றியும் கோப்புகளாக்கும் ஆர்வம் இன்று பலரிடம் காணப்படுகிறது. அது போற்றத்தக்கது. எனினும் கோப்பில் ஏறியதும் மூலத்தைக் கைவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. கல்லச்சு நூலின் ஓரத்தில் ஒரு பெண்மணி எழுதிவைத்த பிறந்தநாள் குறிப்பு, எவர் எவருக்கு வக்ஃபு செய்தார் எனும் வரி, ஒலிநாடாவின் உறையில் உள்ள பதிப்பகத்தின் பெயர், நாடாவின் இரு பக்கங்களுக்கேற்ப உரையாளர் பேச்சைப் பிரித்துக்கொண்ட முறை ஆகியன கோப்பில் எளிதில் விடுபட்டுப் போகின்றன. கல்லச்சின் கையெழுத்தைப் படமாக மட்டும் பிடித்தால், அதற்குள் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது.

ஆகவே மூலப் பொருளைப் பேணுதல், அது எவ்வாறு இயங்கியது என்பதைக் குறித்துவைத்தல், அதனைப் பயன்படுத்தியோரின் சாட்சியத்தை அவர்கள் வாழும் காலத்திலேயே திரட்டுதல் ஆகிய மூன்றும் நமது கலாபீடங்களும் நூலகங்களும் மேற்கொள்ளவேண்டிய பணிகளாகும். பனூ மூஸாவின் உரை ஒரு பிரதியின் தயவால் நம்மை வந்தடைந்தது. அதனைப் பெயர்த்தெழுதிய பெயரறியா எழுத்தர் அதில் தன் காலத்துக்கு என்ன பயன் எனக் கணக்கிட்டிருந்தால் அதுவும் அழிந்திருக்கக்கூடும். நமக்குப் பின் வருவோர் எந்தக் கேள்வியுடன் நமது பொருட்களை அணுகுவர் என்பதை நாம் அறியோம். அவர்கள் கேட்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வதே நம் மீதுள்ள அமானிதமாகும்.